வலிக்காத காது

அது தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை சொல்லும் மையம். உள்ளே நுழையும்போதே சொந்த போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அழைப்பில் சொந்தக் கதை பேசினால் சீட்டு கிழிந்துவிடும்.

நர்ஸ் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

“மேடம், பொண்ணு காது வலியில துடிக்கிறா. பூண்டு எண்ணெய் காய்ச்சி விடட்டுமா?”

“ஐயோ, காதுக்குள்ள ஒண்ணும் விடாதீங்க சார்! சீழ் வடியுதா?”

“இல்ல மேடம்.”

“வெதுவெதுப்பா ஒத்தடம் கொடுங்க. ஃபிரிட்ஜ் மேல சிரப் இருக்கும், பாட்டில்ல போட்டிருக்கிற அளவு கொடுங்க. வலி நிக்கலைன்னா உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.”

“சரி மேடம். ஆனா அம்மா வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாளே, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர் பின்வரிசையில் ஒவ்வொருவர் பேச்சாகக் கேட்டபடி வந்துகொண்டிருந்தார்.

“போனை அவ காதுல வைங்க சார். வலிக்காத காதுல.”

முதலில் விசும்பல்தான் கேட்டது.

“அம்மா, பேசுறது நீதான்னு அப்பா சொன்னாரு. எப்பம்மா வீட்டுக்கு வருவே?”

சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எங்களை அழைத்தமைக்கு நன்றி,” என்றாள் அம்மா.