பிரஷர் இறங்கவில்லை

வெளியே இன்னும் வரிசை நீண்டிருந்தது. பேச்சித்தாயின் கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்தார் டாக்டர் சுகிர்தா. இந்த மாதமும் பிரஷர் இறங்கவில்லை. இத்தனை மாத்திரைக்கு இவ்வளவு இறங்கும் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துச் சொன்ன ஆய்வு அவருக்கு மனப்பாடம். இறங்காவிட்டால் அளவைக் கூட்டு என்கிறது அது. அலுப்போடு பேனாவை எடுத்தார்.

"மாத்திரையத் தவறாமப் போடுதீங்களாம்மா?"

"ஒரு நாளும் விடுறதில்ல தாயி. காலையில ரெண்டா உடைச்சி எனக்குப் பாதி, எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பாதி."

"அவருக்கு எதுக்கு?"

"அவுகளுக்கும் பிரஷர்தான், முகாம்ல சொன்னாவ. லோடு ஏத்தப் போகாட்டி வேற ஆளப் போட்டுருவாவன்னு இங்க வர மாட்டேங்காவ. நான் மட்டும் முழுசா முழுங்கிட்டு அவுக மூஞ்சிய எப்படிப் பாக்க?"

அந்த ஆயிரக்கணக்கானவர்களில் யாராவது இப்படிப் பங்கு போட்டிருப்பார்களா? டாக்டருக்குத் தெரியவில்லை. திட்டவும் தெம்பில்லை. பார்க்காத ஆளுக்கு மருந்து எழுதக் கூடாது. எழுதாவிட்டாலும் அந்த மனிதர் நாளைக்கும் பாதியை விழுங்கத்தான் போகிறார், இவளுக்கும் பாதிதான் மிஞ்சும். சீட்டின் மேல் பேனா அப்படியே நின்றது.

"அவருக்குக் கால் வீங்குதா? மூச்சு வாங்குதா?" என்று கேட்டார்.

பேச்சித்தாய் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.