நாளை முதல் புதுச் சட்டம்

பகல் மூன்று மணி வெயில் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை நீட்டுகிறார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. நாளையிலேருந்து புதுச் சட்டம். அப்புறம் காரணமில்லாம உங்களைக் கிளப்ப முடியாதாம். வக்கீல் இன்னைக்கே குடுத்துடச் சொன்னார்." "இன்னைக்கு மட்டும் காரணம் வேண்டாமா சார்?" என்கிறேன். அவர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். பழைய வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த தாள். என் பெயருக்கு மேலே, நான்கு மாதம் முன்பு இறந்துபோன என் மனைவியின் பெயரும் இருக்கிறது. அவரும் இப்போதுதான் அதைக் கவனிக்கிறார். கதவுக்குப் பின்னால் அவளுடைய குடை தொங்குகிறது. வீட்டுக்காரர் பேனாவைத் திறந்து அந்தப் பெயரை அடிக்கக் குனிகிறார். "அடிக்காதீங்க சார்," என்கிறேன். "ரெண்டு பேரும்தானே காலி பண்ணணும்."