ஆணியில் இரண்டு ரிங்

“அக்கா, உன் தம்பிதான். வயசு இருபத்து மூணு ஆச்சு, இன்னும் உன்னைக் கேட்காம ஒண்ணும் செய்யத் தெரியல. இப்ப ஒரு பெரிய வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்திருக்கேன். கையெல்லாம் டீசல், அதான் வாயாலயே டைப் பண்றேன்.”

அதோடு நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தான். நெஞ்சின் மேல் கிடந்த போன் காத்திருந்தது.

வண்டி ஒரு மோட்டார்ஹோம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, எல்லாம் உண்டு. அதன் இரண்டு டீசல் ஃபில்டர்களையும் மாற்ற வேண்டும்.

பக்கத்தில் இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்றில் சிவப்பு நகப்பூச்சு. மற்றது பழுப்பு ஷூ. அதன் இடது குதிகால் மட்டும் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

காலையில் ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டில் வண்டிக்காரரின் பெயரைப் பார்த்தபோதுகூட, இந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். குதிகாலைப் பார்த்த பிறகு தேற்ற ஒன்றுமில்லை. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், அத்தானின் செருப்பைத் தைக்கக் கொண்டுபோனவன் அவன்தான். எப்போதும் இடது செருப்பு, எப்போதும் வெளிப்பக்கம்.

ஏழு வருடத்துக்கு முன்னால், இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று, “தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்” என்று அக்காவை ஒரு பஸ் நிலையத்தில் பெட்டியோடு உட்காரவைத்துவிட்டுப் போன அத்தான்.

அக்கா இரண்டு நாள் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் அவர் வந்து தேடுவாரே என்று.

பழுப்பு ஷூ மடங்கியது. முகம் எட்டிப் பார்த்தது. தடித்திருந்தது, மற்றபடி அதே முகம். அவனோ அப்போது மீசை முளைக்காத பையன். இப்போது மூக்குவரை முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி.

“நம்ம ஆளா தம்பி? நல்லதாப் போச்சு. பாத்து மாத்துங்க. நாளைக்கு மலை ஏறி இறங்கணும். வழியில நின்னா மிசஸ் என்னைக் கொன்னுடுவா.”

மிசஸ் சிரித்தாள். சிவப்பு நகங்கள் குலுங்கின.

“ஒண்ணும் ஆகாது, சார்,” என்றான் அவன்.

ஆகும். அதற்கு ஒரு ரப்பர் ரிங் போதும்.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரிங் சில சமயம் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால், ரிங்கின் மேல் ரிங் உட்காரும். முதலில் எதுவும் தெரியாது. வண்டி சமர்த்தாக ஓடும். ஏற்றத்தில் காற்றை இழுத்து, இருமி, நடுமலையில் நின்றுவிடும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. அதனால்தான் ஃபோர்மேன் சுவரில் ஓர் ஆணி அடித்துவைத்திருக்கிறார். இரண்டு ஃபில்டர் கழற்றினால் இரண்டு பழைய ரிங் அதில் தொங்க வேண்டும். எண்ணிப் பார்க்காமல் வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டார்.

அவன் பாக்கெட்டில் ஏற்கெனவே ஒரு பழைய ரிங் இருந்தது. ஜாப் கார்டைப் பார்த்த கையோடு, ஒருவேளை அவராகவே இருந்தால் என்று, குப்பை டப்பாவிலிருந்து பொறுக்கியது. ஆணியில் கணக்கு சரியாக இருக்கும்.

முதல் ஃபில்டரைக் கழற்றினான். அவன் வேண்டிக்கொண்டது போலவே ரிங் மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் அதைத் தொடவில்லை.

“மலை தாண்டி எங்க சார் போறீங்க?” கேட்க நினைக்கவில்லை. அவர்கள் போய்ச் சேர முடியாத இடத்தை மனக்கண்ணில் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

“பீச் கேம்ப்புக்கு. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல, வண்டியை நிறுத்தித் தங்கற இடம் இருக்குதே, அதுதான். பத்து நாள்.”

அவன் கை அப்படியே நின்றது. டீசல் முழங்கைவரை வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பிறகு நகத்தை விட்டு அந்த ரிங்கைச் சுரண்டி எடுத்தான்.

உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தான். விரலால் தடவிப் பார்த்தான், மறுபடியும் துடைத்தான். புது ரிங்குக்கு டீசல் தடவி, ஃபில்டரைக் கையாலேயே ஏற்றி, ரிங் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று திருகினான். இரண்டாவதும் அப்படியே. கைப்பம்பை அடித்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினான். குமிழி நின்ற பிறகும் அடித்தான்.

ஃபோர்மேன் வந்து குனிந்தார். “என்னடா இது, தொட்டில் குழந்தையைத் துடைக்கற மாதிரி துடைக்கற? உங்க அக்கா புருஷன் வண்டியா?”

“ஆமாண்ணே.”

ஃபோர்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆணியில் இரண்டு ரிங்கை எண்ணிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. பழுப்பு ஷூ ஏறியது, சிவப்பு நகங்கள் ஏறின, வண்டி வாசலைத் தாண்டியது.

பாக்கெட்டில் இருந்த ரிங்கைக் குப்பை டப்பாவில் போட்டுவிட்டு, அவன் போனை வாயருகே கொண்டுபோனான்.

“அக்கா, நாளைக்கு நீ டூட்டி பாக்கற பீச் கேம்ப் கேட்டுக்கு ஒரு வெள்ளை மோட்டார்ஹோம் வரும். வழியில எங்கயும் நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு. நீ பதறாத. கேட்டுக் கட்டையைத் தூக்கறதுக்கு முன்னாடி, எல்லார்கிட்டயும் கேட்கற மாதிரியே பேரைக் கேளு. கூட வந்திருக்கறவங்க என்ன உறவுன்னு கேளு. அவர் வாயாலயே சொல்லட்டும், நீ நோட்டுல எழுதிக்கோ. நாளைக்கு மட்டும் லீவு போட்டுடாதக்கா.”