நுரை அடங்கும்வரை

படம் பார்த்த அன்று சிதம்பரநாதனும் அவன் மனைவி கோசலையும் சேர்ந்துதான் அழுதார்கள். நோயாளிக் கணவனுக்குத் தினமும் பால் ஆற்றிக் கொடுப்பாள் ஒருத்தி. ஒருநாள் அதைக் குடித்துவிட்டு அவன் கண்ணை மூடிவிடுவான். அவ்வளவுதான் கதை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விமர்சகர் எழுதினார்: "தினமும் ஜன்னலைப் பார்த்தபடி ஆற்றுகிறவள், கடைசி நாள் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கிறாள். கொன்றது நோயல்ல." சிதம்பரநாதன் தனியாகப் போய் மறுபடி பார்த்தான். போன வாரம் மூக்கைச் சிந்திய அரங்கம், அவள் தலை திரும்பும் இடத்தில், "இப்ப பாரு, இப்ப பாரு" என்று முணுமுணுத்தது.

அன்றிலிருந்து கோசலை காபி ஆற்றும்போதெல்லாம் அவள் கண்ணையே கவனித்தான். அவள் வழக்கம்போலத் தெருவைப் பார்த்தே ஆற்றினாள். அவனும் குடித்தான். ஐந்தாம் நாள் ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, நாலு நாளா என் மூஞ்சியில படமா ஓடுது?"

"ஒண்ணுமில்ல. நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடு."

டம்ளரில் நுரை அடங்கும்வரை அவள் அதையே பார்த்தாள்.

"அந்த விமர்சனத்த நீங்களும் படிச்சிட்டீங்களா?" என்றாள்.