கைதான நாற்காலி

பாதுகாப்பு அமைச்சகத்தின் வாசலில் செண்பகவடிவு இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, நடுவே ஒரு சொம்புத் தண்ணீரையும் வைத்தாள். ஒன்று நம் நாட்டுத் தலைவருக்கு, மற்றது எதிரி நாட்டுத் தலைவருக்கு.

"பங்காளிச் சண்டைக்கே இப்படி உட்கார வெச்சுத்தான் பேசுறோம். இவங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். "எதிரிக்கு நாற்காலி போடுறியா? இதுல அவன் நாற்காலி எது?"

"ரெண்டும் ஒரே கடையில வாங்கினதுதான் சார். யாரு எதுல உட்கார்ந்தா என்ன?"

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எல்லை இருக்கும் திசையில் கிடந்ததை எதிரியுடையது என்று முடிவுகட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒற்றை நாற்காலியை வைத்துக்கொண்டு யாரும் யாரோடும் பேச முடியாது. மாலையில் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். அந்த நாற்காலியில்தான் இன்ஸ்பெக்டர் சாய்ந்து உட்கார்ந்து, டிவியில் குண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிரி நாற்காலின்னு தூக்கிட்டு வந்தீங்களே, முதுகு சுடலையா சார்? எழுந்திருங்க. தலைவரு வந்தா எங்க உட்காருவாரு?"

தலைவர் என்று காதில் விழுந்ததும், பழக்கதோஷத்தில் இன்ஸ்பெக்டர் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றது எந்தத் தலைவருக்கு என்பது பிறகுதான் உறைத்தது. மறுபடி உட்கார அவருக்குக் கால் மடங்கவில்லை.