பேயாண்டியின் நட்டம்

"என்னப்பா பேயாண்டி, யாவாரம் எப்படி?" வழியில் போன ஒருவர் கேட்டார்.

"நட்டம்தாண்ணே" என்றான் பேயாண்டி, காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டே.

பக்கத்துக் கடை கருத்தக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. பரவை மார்க்கெட்டில் இருவரும் ஒரே நாளில் தக்காளிக் கடை போட்டவர்கள். அங்கே சனம் மொய்க்கிறது, இங்கே ஈ மொய்க்கிறது. பழைய வாடிக்கைக்காரர்கள்கூடக் கூசாமல் அவன் கடைக்குத் தாவிவிட்டார்கள். போன மாதம் அவன் புது வண்டி வாங்கியதிலிருந்து இவருக்குத் தூக்கமே போச்சு.

இதில் நட்டமாம்!

வியாபாரி எவன்தான் லாபம் என்று வாயைத் திறந்திருக்கிறான்? கண்ணு பட்டுவிடுமே. 'நட்டம்' என்றால் நன்றாக ஓடுகிறது. 'ரொம்ப நட்டம்' என்றால் வீட்டில் மாடி எழும்புகிறது. கருத்தக்கண்ணனும் நல்ல காலத்தில் அப்படிச் சொன்னவர்தான். நிஜமாகவே நட்டப்படும்போதுதான் அந்தச் சொல் வாயில் வர மாட்டேன் என்கிறது.

"பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காதுடா! கூடை கூடையா வித்துப்புட்டு நட்டமாம்ல, நட்டம்!" எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார்.

பேயாண்டி காலிக் கூடைகளை ஏற்றினான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது இவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பொழுது சாய, இட்லிக்கடை ஒச்சம்மாள் வந்தாள். தினமும் வந்து, மிஞ்சின தக்காளியைப் பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவள்.

"நீ ஒருத்தி இல்லேன்னா என்னிக்கோ கடையைச் சாத்தியிருப்பேன் தாயி. மக படிப்பும் நின்னிருக்கும். அந்தப் பய, நான் எப்ப ஒழிவேன்னு காத்துக்கெடக்கான்."

ஒச்சம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அவரை ஒன்னும் சொல்லாதீகண்ணே. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனாலும் இதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

"என்ன சொல்லக்கூடாதாம்?"

"என் கடைச் சட்னிக்கு எம்புட்டுத் தக்காளி வேணும்? ரெண்டு கிலோ போதும். மிச்சத்தைத் தெருவுல சும்மாதான் குடுக்குறேன். அதுக்கெல்லாம் காசு பேயாண்டி அண்ணன் குடுக்குறதுதான். 'கூடக் கடை போட்ட மனுசன், மூடிட்டுப் போயிறக் கூடாது'ம்பாரு."

கருத்தக்கண்ணன் பேயாண்டியின் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இது உங்களுக்கு நட்டமாச்சேண்ணேன்னு நேத்துக்கூடக் கேட்டேன். 'ச்சீ, இதைப் போயி நட்டம்னு சொல்லலாமா'ன்னு வஞ்சுபுட்டாரு."