ஒச்சம்மாள் தினமும் பார்த்த படம்

"அந்தா பாருங்க சார், இன்னைக்கும் வந்துட்டா!"

தியேட்டர் மேனேஜர் சேக் பரீது காட்டிய பக்கம் ராயப்பராஜ் பார்த்தார். பெண்களுக்கான தரை டிக்கெட் வரிசையில், காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"யாரு அது?"

"ஒச்சம்மா. ஆத்தூர்ப் பக்கம். இங்க திண்டுக்கல் சந்தையில கத்திரிக்கா, வெண்டைக்கா விக்கிறவ. நாலு மாசத்துக்கு முன்னால அதே சந்தையில பெத்த மகளைத் தொலைச்சுட்டா. எட்டு வயசுப் புள்ளை. இன்னும் கிடைக்கல. இவளுக்குப் பாருங்க, தினம் மேட்னி கேக்குது. இன்னையோட ஒம்பது நாளு!"

ராயப்பராஜுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி அவர் எடுத்த 'பிள்ளைகள் பத்திரம்' என்ற செய்திப்படம், அந்தத் தியேட்டரில் அசல் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார்.

"இந்த மாதிரித் தாய்மாருக்குப் புத்தி வரணும்னுதான்யா நான் படமே எடுத்தேன். புள்ளையைக் கோட்டை விட்டுட்டுச் சினிமா பார்க்க வர்றாளே, இவளும் ஒரு தாயா?"

"அதை விடுங்க சார். உங்க படத்துல நம்ம ஸ்டேஷன் வருதே, ஒருத்தன் ஒரு சின்னப் புள்ளையைத் தரதரன்னு ரயிலுக்கு இழுத்துட்டுப் போறானே... பொம்பளைங்க பக்கம் பூரா மூக்கைச் சிந்துது. எங்க புடிச்சீங்க அந்தப் புள்ளையை? என்னா நடிப்பு!"

ராயப்பராஜ் உச்சி குளிர்ந்துபோனார்.

"அது ஒரு கூத்து. நடிக்கிறதுக்கு வேடசந்தூர்ல ஒரு ஆளையும் அவன் மகளையும் ஏஜென்ட் ஏற்பாடு பண்ணியிருந்தான். நான் முகம் பார்த்ததில்ல. ரயில் வந்து நின்னாச்சு, ஆளைக் காணோம். திடீர்னு ஒருத்தன் அழுற புள்ளையை இழுத்துக்கிட்டு வந்தான். நம்ம ஆளுதான்னு கேமராவை ஓட்டச் சொல்லிட்டேன். ஒரே தடவை, அற்புதமா அமைஞ்சுடுச்சு! ரயில் போய் ஒரு மணி நேரம் கழிச்சு வேடசந்தூர்க்காரன் மகளோட ஓடி வர்றான். வழியில பஸ் அச்சு முறிஞ்சு நின்னுடுச்சாம்."

சேக் பரீதின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"அப்ப, படத்துல வர்றது யாரு சார்?"

"யாரோ அப்பனும் மகளும். ஊருக்கு வர மாட்டேன்னு அடம் பிடிச்சிருக்கும். சினிமாவுல இதெல்லாம் அதிர்ஷ்டம்யா."

மணி அடித்தது. ராயப்பராஜ் உள்ளே போய்க் கடைசியில் சுவரோரமாக நின்றுகொண்டார்.

செய்திப்படம் முடிந்தது. அசல் படத்தின் பேர் திரையில் விழுந்ததும் விசில் பறந்தது. அதே நேரம் ஒச்சம்மாள் எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவர் பின்னாலேயே போனார்.

"ஏம்மா, படம் இப்பதானே ஆரம்பிக்குது? எங்க கிளம்பிட்டே?"

"அது எனக்கு எதுக்குய்யா?"

"பின்ன எதுக்குத் தினம் தினம் வர்றே?"

"எம் மகளைப் பாக்க வாரேன்யா. சம்முகவள்ளின்னு பேரு. ரயிலுகிட்ட ஒருத்தன் இழுத்துட்டுப் போறான்ல, அந்தப் புள்ளைதேன்."

ராயப்பராஜ் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"போலீஸ்ல... சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு வந்து சொன்ன அன்னைக்கே ஓடுனேன். 'சினிமாவுல வாரதெல்லாம் நடிப்பு, போ'ன்னு வெரட்டிட்டாக." அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வாசல்ல பேசிக்கிட்டாக. நீங்கதேன் இந்தப் படத்தை எடுத்தவுகளாமே?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "ஆமா."

"அப்ப கிட்டத்துலதேன நின்னிருப்பீக!"

கூடையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"எம் புள்ளை என்னமோ சொல்றாய்யா. வாய் அசையுது. அந்நேரம் பாத்து ஒருத்தரு 'பெற்றோர்களே, பெற்றோர்களே'ன்னு பேசிக்கிட்டே இருக்காரு. அவ பேச்சு கேக்க மாட்டேங்குது. ஒம்பது நாளா அந்த வாயையே பாக்குறேன், ஒண்ணும் வெளங்கலை. இன்னையோட படத்தை மாத்துறாகளாம். இனி எங்கிட்டுப் போயிப் பாப்பேன்? என்னய்யா சொன்னா?"

"ஞாபகம் இல்லம்மா."

"செத்த நேரம் யோசிச்சுப் பாருங்கய்யா. தண்ணி கேட்டாளா? என்னையத் தேடுனாளா?"

தெரியாது என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார்.

 ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

ராயப்பராஜுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"சார், இவரு எங்க அப்பா இல்ல சார்" என்று அந்தப் பிள்ளை அவரைப் பார்த்துத்தான் கதறியது. "பேஷ்! இப்படியே அழுதுக்கிட்டே ஏறு" என்று முதுகில் தட்டிக்கொடுத்து, படி எட்டாமல் தவித்தவளைத் தூக்கி ரயிலேற்றி விட்டதும் அவர்தான்.